பால் குறையவில்லை, நேரம்தான் குறைகிறது

எம். புதுப்பட்டிப் பக்கத்தில் கிராமச் செவிலியராக இருந்து ஓய்வு பெற்றவள் நான். பச்சை உடம்புக்காரிகளிடம் நான் அதிகம் கேட்டது, “பால் பத்தலை நர்சம்மா” என்பதுதான். சென்னையில் கம்ப்யூட்டர் கம்பெனியில் இருக்கும் என் மகளும் போனில் அதையே சொன்னாள்.

பெரும்பாலும் அது உண்மையில்லை. பிள்ளை சப்பச் சப்பத்தான் பால் ஊறும். இடையில் புட்டி புகுந்தால் சப்புவது குறையும், சுரப்பும் குறையும். முதல் வாரம் கழிந்தபின் பிள்ளை ஒரு நாளைக்கு ஆறு தடவையாவது மூத்திரம் போய், எடையும் ஏறினால் பால் போதுகிறது என்று அர்த்தம். கத்திரி வெயிலானாலும் ஆறு மாதம் வரை தண்ணீர்கூட வேண்டாம். தாய்ப்பாலில் பெரும்பகுதி தண்ணீர்தானே!

எங்கள் ஊரில் விடிந்ததும் பட்டாசு ஆலை வேன் வந்துவிடும். சரம் பின்னப் பின்னத்தான் கூலி. வெடிமருந்து இருக்கும் இடத்துக்குக் கைப்பிள்ளையைத் தூக்கிப் போக முடியாது. அதனால் பிள்ளை அப்பத்தா மடியில், பசும்பால் பாட்டிலோடு. நகரத்தில் அந்த இடத்தைப் பவுடர் டப்பா பிடித்துக்கொள்கிறது. டப்பாப் பாலை விளம்பரம் செய்யக் கூடாது என்று 1992-லேயே சட்டம் வந்தது. ஆனால் தாயைப் பிள்ளையிடமிருந்து பிரிப்பது விளம்பரம் அல்ல, வேலை நேரம்.

அதற்கும் வழி உண்டு. என் மகள் பம்பு வைத்துப் பால் எடுக்கிறாள். புதுப்பட்டிக்காரிக்குக் கையே போதும். கையைச் சோப்புப் போட்டுக் கழுவி, கொதிக்க வைத்த எவர்சில்வர் டம்ளரில் பீய்ச்சி மூடுங்கள். எங்கள் வெயிலில் வெளியே வைக்காதீர்கள். ஃபிரிட்ஜில் 4 நாள் வரை தாங்கும். அடுப்பில் சுட வைக்காமல், டம்ளரை வெந்நீரில் வைத்துச் சூடாக்கிச் சங்கில் புகட்டுங்கள். ஆலையிலிருந்து திரும்பியதும் குளித்துச் சேலை மாற்றிவிட்டுப் பிள்ளையைத் தூக்குங்கள். அலுமினியத் தூளும் கந்தகமும் உடம்போடு வீடு வந்துவிடும்.

சட்டமும் துணைக்கு இருக்கிறது. மகப்பேறு நலச் சட்டத்தின் 2017 திருத்தத்தில், முதல் இரண்டு பிள்ளைகளுக்கு மகப்பேறு விடுப்பு 12 வாரத்திலிருந்து 26 வாரமானது. 50 பேரோ அதற்கு மேலோ வேலை பார்க்கும் இடத்தில் குழந்தைக் காப்பகம் வேண்டும். அங்கே தாய் தினம் நாலு முறை போய் வரலாம். முந்தைய ஓராண்டில் 80 நாள் வேலை பார்த்திருந்தால் மகப்பேறு உரிமை உண்டு. தினக்கூலிப் பெண்களுக்கும் அது உண்டு என்று 2000-த்தில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

பால் இல்லையென்று தாயைக் குறை சொல்லுமுன், அவளுக்குப் பால் கொடுக்க நேரம் கொடுத்தோமா என்று வீட்டாரும் முதலாளிகளும் யோசிக்க வேண்டும். தாய்மார்களே, உங்கள் விடுப்பைத் தயங்காமல் கேட்டு வாங்குங்கள்.