கணினியில் டிவிடி வட்டு ஓடாதபோது



பதுளையிலிருந்து பசறைக்கும் பண்டாரவளைக்கும் ஹப்புத்தளைக்கும் செல்லும் மலைப்பாதைகளின் இருமருங்கிலும் உள்ள தோட்டங்களிலே, பல லயங்களில் ஒரு காட்சியைக் காணலாம். சுவாமிப் படத்தின் அருகிலோ, அலுமாரியின் மேல்தட்டிலோ, துணியில் சுற்றி வைத்த நாலைந்து இறுவட்டுகள் இருக்கும். ஒன்றில் மூத்த மகளின் கல்யாணம். இன்னொன்றில் தோட்டத்து மாரியம்மன் கோயில் திருவிழா. வேறொன்றில் தாத்தாவின் அறுபதாம் கல்யாணம். நகைகளுக்கு அடுத்தபடியாக அவ்வீட்டார் பேணிக் காப்பது இவற்றைத்தான் என்றாலும் மிகையாகாது.

முற்காலத்தில் வீடியோ நாடாவில் எடுக்கப்பட்ட விழாக்களும் பின்னர் டிவிடி வட்டுகளுக்கு மாற்றப்பட்டன. நாடாக்களோ மலைநாட்டு ஈரத்தில் பூஞ்சணம் பூத்து அழிந்துபோயின. ஆகவே, மறைந்துபோன ஒரு பெரியவர் நடந்து வருவதையும் சிரித்துப் பேசுவதையும் அவருடைய பேரப்பிள்ளைகள் காண்பதற்கு அந்த ஒரு வட்டைத் தவிர வேறு வழி இல்லாத வீடுகள் உண்டு.

தொலைக்காட்சியின் கீழே இருந்த டிவிடி பிளேயர் பழுதாகிவிடுகிறது. பிள்ளைகளின் கணினியில் வட்டை இட்டுப் பார்க்கிறார்கள். திரை கறுப்பாகவே இருக்கிறது. அல்லது படம் சிறிது ஓடி நின்றுவிடுகிறது. "வட்டு கெட்டுப்போயிற்று" என்று வீட்டார் முடிவு கட்டிவிடுகிறார்கள். அந்த முடிவு பலவேளைகளில் தவறானது. அதை ஆராய்ந்து பார்ப்பதே இன்றைய பேச்சின் நோக்கமாகும்.

ஒரு வட்டு கணினியில் ஓடவேண்டுமானால் மூன்று பொருள்கள் ஒத்துழைக்க வேண்டும். வட்டு ஒன்று, அதைச் சுழற்றிப் படிக்கும் டிரைவ் ஒன்று, படித்ததைப் படமாகவும் ஒலியாகவும் மாற்றித் தரும் மென்பொருள் ஒன்று. மூன்றில் எது தவறினாலும் நமக்குத் தெரிவது ஒரே விளைவுதான்: படம் வரவில்லை. ஆதலால் முதலில் எதன்மேல் குற்றம் என்று காண வேண்டும்.

கொழுந்து நிறுக்கும் தராசில் ஐயம் எழுந்தால், நிறை தெரிந்த எடைக்கல் ஒன்றை வைத்துப் பார்ப்பதே நேர்மையான சோதனை. இங்கும் அவ்வாறே செய்யலாம். நன்றாக ஓடும் என்று தெரிந்த வேறொரு டிவிடி வட்டை அதே கணினியில் இடுங்கள். அது ஓடினால் டிரைவும் மென்பொருளும் பெரும்பாலும் நலமாயுள்ளன. ஐயம் உங்கள் வட்டின்மேல் விழும். அதுவும் ஓடாவிட்டால் உங்கள் வட்டைக் குறை கூறுவதற்கு இடமில்லை. அடுத்து, உங்கள் வட்டை அயல்வீட்டாரின் கணினியில் இட்டுப் பாருங்கள். ஒரு வேளையில் ஒன்றை மட்டுமே மாற்ற வேண்டும். இரண்டை ஒருங்கே மாற்றினால் காரணம் எது என்பது மறைந்துவிடும்.

முதலில் மென்பொருளை எடுத்துக்கொள்வோம். டிவிடி வட்டில் படம் எம்பெக்-2 என்னும் முறையிலே சுருக்கி எழுதப்பட்டிருக்கிறது. அந்தச் சுருக்கத்தை விரிக்கும் பகுதி கணினியில் இல்லாவிட்டால் வட்டு எவ்வளவு நன்றாக இருந்தும் பயனில்லை. 2009 இல் வெளிவந்த விண்டோஸ் 7 இன் பல பதிப்புகளில் இப்பகுதி சேர்ந்தே வந்தது. அதற்கு உரிமைக் கட்டணம் செலுத்த வேண்டியிருந்தமையால், 2012 இல் வந்த விண்டோஸ் 8 இல், கணினியோடு வரும் மீடியா பிளேயரிலிருந்து டிவிடி ஓட்டும் வசதி நீக்கப்பட்டது. 2015 இல் வந்த விண்டோஸ் 10 இலும் அதே நிலைதான். பழைய கணினியில் நேற்றுவரை ஓடிய கல்யாண வட்டு, புதிய கணினியில் இன்று ஓட மறுப்பதற்கு இதுவே பெரும்பாலும் காரணம்.

இதற்குப் பரிகாரம் எளிது. வீஎல்சி என்னும் மென்பொருளைக் கணினியில் நிறுவிக்கொள்ளலாம். பாரிஸ் நகரை அடுத்த பொறியியற் கல்லூரி ஒன்றில் 1996 இல் மாணவர்கள் தொடங்கிய முயற்சியிலிருந்து பிறந்து, 2001 முதல் யாவருக்கும் இலவசமாக வழங்கப்பட்டு வருவது அது. படத்தை விரிப்பதற்கு வேண்டிய பகுதிகளைத் தன்னுள்ளேயே அது கொண்டிருக்கிறது. அதைத் திறந்து, 'மீடியா' என்பதன் கீழுள்ள 'ஓப்பன் டிஸ்க்' என்பதைத் தெரிந்தெடுத்து, டிவிடி என்று குறித்து ஓடவிடுங்கள். வட்டின் முகப்புப் பட்டியலில் படம் சிக்கி நின்றால், அதே இடத்தில் 'நோ டிஸ்க் மெனுஸ்' என்ற கட்டத்தில் அடையாளமிட்டு மீண்டும் முயலுங்கள். முகப்பைத் தாண்டி நேரே படம் தொடங்கும்.

ஒலி கேட்கிறது, படம் கறுப்பாயிருக்கிறது என்றால், மென்பொருளுக்கும் கணினியின் படக் கருவிக்கும் இணக்கமில்லை என்று கொள்ளலாம். வீஎல்சியின் 'பிரிபரன்சஸ்' பகுதியில், 'ஹார்ட்வெயார் அக்சலரேட்டட் டிகோடிங்' என்னும் இடத்தை 'டிசேபிள்' என மாற்றிவைத்தால் பலவேளைகளில் படம் தோன்றிவிடும். படம் வருகிறது, ஒலி இல்லை என்றால், 'ஓடியோ டிராக்' என்ற இடத்தில் வேறொரு தடத்தைத் தெரிந்து பாருங்கள். ஆட்கள் அசையும்போது உடலின் ஓரங்கள் சீப்புப் பல்போலக் கிழிந்து தெரிந்தால், அது வட்டின் குற்றமன்று. தொலைக்காட்சிக்கென எடுத்த படத்தைக் கணினித் திரையில் காட்டுவதால் வருவது. 'டீஇன்டர்லேஸ்' என்பதை இயக்கினால் அது தீரும்.

இன்னொன்றும் உண்டு. டிவிடி என்று நாம் எண்ணும் வட்டு உண்மையில் வீசிடியாக இருக்கலாம். ஒரு கல்யாணத்திற்கு இரண்டு மூன்று வட்டுகள் தரப்பட்டிருந்தால் இந்த ஐயம் எழ வேண்டும். ஏனெனில் வீசிடி ஒன்றில் ஏறத்தாழ ஒன்றேகால் மணி நேரமே அடங்கும். அப்படியாயின் 'ஓப்பன் டிஸ்க்' பகுதியில் டிவிடி என்பதற்குப் பதிலாக வீசிடி என்று குறிக்க வேண்டும்.

இனி டிரைவைப் பார்ப்போம். புதிய மடிக்கணினிகள் பலவற்றில் டிரைவ் இருப்பதில்லை. வெளியே யூஎஸ்பி கம்பியில் பூட்டும் டிரைவையே பயன்படுத்துகிறோம். அத்தகைய டிரைவ் வட்டைச் சுழற்றத் தொடங்கி நின்றுவிட்டால், அதற்குப் போதிய மின்சாரம் கிடைக்கவில்லை என்று பொருள் கொள்ளலாம். இடையில் வேறு இணைப்பி எதனையும் வைக்காது, கணினியிலேயே நேரடியாகப் பூட்டுங்கள். இரட்டைத் தலையுள்ள கம்பியாயின் இரண்டு தலைகளையும் பூட்டுங்கள்.

குளிர் நிறைந்த ஊவா மலைகளில் மற்றொரு கவனமும் வேண்டும். பனிமூட்டத்தினூடே எடுத்துவந்த டிரைவை அடுப்பெரியும் சூடான அறையில் உடனே இயக்கினால், உள்ளிருக்கும் சிறு கண்ணாடி வில்லையில் நீராவி படிந்து வட்டைப் படிக்க இயலாது போகும். ஒரு மணி நேரம் பொறுத்து இயக்கினால் போதும்.

கடையில் வாங்கிய திரைப்பட வட்டுகளுக்கு மட்டும் உரிய சிக்கல் ஒன்றையும் சொல்ல வேண்டும். உலகைப் பல பிராந்தியங்களாகப் பிரித்து, ஒரு பிராந்தியத்து வட்டு மற்றொன்றில் ஓடாதவாறு தயாரிப்பாளர்கள் இலக்கமிட்டிருக்கிறார்கள். இலங்கையும் இந்தியாவும் 5 ஆம் பிராந்தியத்தில் அடங்கும். 1964 ஆம் ஆண்டின் சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தத்தின் பின் தமிழ்நாடு சென்று குடியேறிய உறவினர், அங்குக் கடையில் வாங்கி அனுப்பும் வட்டுக்கு இதனால் தடையில்லை. ஆனால் இலண்டனிலிருந்து வருவது 2 ஆம் பிராந்தியத்தினதாகவும், சிங்கப்பூரிலிருந்து வருவது 3 ஆம் பிராந்தியத்தினதாகவும் இருக்கக்கூடும். கணினி டிரைவின் பிராந்தியத்தை ஐந்து முறையே மாற்ற முடியும். ஐந்தாவது முறையில் எது குறிக்கப்பட்டதோ அதுவே நிலைத்துவிடும். ஆகையால் கண்டபடி மாற்றலாகாது. வீட்டுக் கல்யாண வட்டுகளில் இத்தகைய பூட்டு பொதுவாக இருப்பதில்லை.

இறுதியாக வட்டையே நோக்குவோம். 12 சென்ரிமீற்றர் குறுக்களவும் 1.2 மில்லிமீற்றர் தடிப்பும் உள்ள அந்தத் தகடு, 0.6 மில்லிமீற்றர் தகடுகள் இரண்டை ஒட்டிச் செய்யப்பட்டது. எழுத்து நடுவில் இருக்கிறது. ஒரு தலைமயிரின் அகலத்துக்குள் பல பத்துத் தடங்கள் அடங்குமளவுக்கு நுண்ணிய அந்த எழுத்தைச் சிவப்பு லேசர் ஒளி படிக்கிறது. எழுதும்போதே பிழைதிருத்தத்திற்கு வேண்டிய மேலதிகக் குறிப்புகளும் சேர்த்து எழுதப்படுவதால், சிறு கீறல்களையும் தூசியையும் டிரைவ் தானே சமாளித்துக்கொள்ளும். கைரேகையும் எண்ணெய்ப் பிசுக்கும் பூஞ்சணமும் அளவுக்கு மிஞ்சினால்தான் தடுமாறும்.

எனவே வட்டை வெளிச்சத்திற்குச் சரித்துப் பாருங்கள். அழுக்கிருந்தால் மெல்லிய பருத்தித் துணியைச் சுத்தமான நீரில் நனைத்து, நடுத்துளையிலிருந்து விளிம்பை நோக்கி நேராகத் துடையுங்கள். சுற்றிச் சுற்றித் துடைத்தல் தவறு. அப்போது விழும் கீறல் தடத்தின் வழியே நீண்டு செல்வதால், பிழைதிருத்தக் குறிப்புகளாலும் மீட்க முடியாது போகும். மண்ணெண்ணெய், பெற்றோல் முதலியவற்றை ஒருபோதும் தொடாதீர்கள். விரிசல் கண்ட வட்டை டிரைவில் இடவே கூடாது; வேகமாகச் சுழலும்போது அது சிதறி டிரைவையும் அழித்துவிடும்.

துடைத்த வட்டும் வெற்று வட்டென்று கணினியில் காட்டினால், அது எழுதி முடிக்கும்போது முத்திரையிட்டு மூடப்படாத வட்டாக இருக்கலாம். அதை எழுதிய கருவியிலேயே இட்டு மூட வேண்டும். ஸ்டூடியோவில் எழுதிய வட்டாயின் அங்கேயே கேட்டுப் பாருங்கள். மேலும், நாம் எழுதும் வட்டுகளில் எழுத்தைத் தாங்கி நிற்பது ஒருவகைச் சாயம். வெயில் படும் யன்னலருகே வைத்தால் அது வெளிறிவிடும். அவ்வாறு அழிந்ததை மீட்க எந்த மென்பொருளாலும் முடியாது.

இதுவே நான் வற்புறுத்த விரும்பும் செய்திக்கு இட்டுச்செல்கிறது. வட்டு ஒரு முறை ஓடிவிட்டால் படத்தைப் பார்த்து மகிழ்ந்துவிட்டு அதை அலுமாரியில் வைத்துவிடாதீர்கள். அன்றே பிரதி எடுங்கள். வட்டைக் கணினியில் திறந்தால் 'வீடியோ டீஎஸ்' என்ற கோப்புறை காணப்படும். அதை முழுவதுமாகக் கணினிக்குப் பிரதி செய்துகொள்ளலாம். சாதாரண டிவிடி ஒன்றின் கொள்ளளவு 4.7 கிகாபைற் ஆதலால், 16 கிகாபைற் பென் டிரைவ் ஒன்றில் மூன்று வட்டுகள் அடங்கும். நடுவே பிழை காட்டிப் பிரதி நின்றுபோனால் மனந்தளர வேண்டாம். படம் பல கோப்புகளாகப் பிரிக்கப்பட்டிருப்பதால், நின்ற கோப்பை விட்டு மற்றவற்றைத் தனித்தனியே எடுங்கள். அந்த விஓபி கோப்புகளை வீஎல்சி நேரடியாகவே ஓட்டும். தாலி கட்டும் காட்சியில் ஒரு பகுதி போயினும், ஊர்வலமும் பந்தியும் முதியோரின் ஆசியும் எஞ்சும்.

பிரதி இரண்டாக இருக்கட்டும். இரண்டும் ஒரே கூரையின் கீழ் இருக்க வேண்டாம். 2014 ஒக்டோபர் 29 ஆம் நாள் காலையில் கொஸ்லந்தையை அடுத்த மீரியபெத்தைத் தோட்டத்தில் மலை சரிந்து லயங்களை மூடியதை நாம் மறக்க முடியாது. உயிரிழப்பின் முன் வேறெதுவும் பெரிதன்று. ஆயினும் உயிர் தப்பியோர்க்கு, இழந்தவர்களின் முகத்தையும் குரலையும் காட்டும் படமும் மண்ணுக்குள் போய்விடுமானால், துயரம் இன்னும் ஆழமாகும். ஐப்பசி, கார்த்திகை மாத மழையையும் மலைச்சரிவையும் அறிந்த மக்கள் நாம். ஒரு பிரதி வீட்டில் இருக்க, மற்றொன்று கொழும்பிலோ பதுளை நகரிலோ உள்ள மகனிடமோ மகளிடமோ இருத்தல் நன்று.

நேயர்களே, ஓடாத வட்டைக் குப்பையில் இடுமுன் வேறொரு வட்டையும் வேறொரு மென்பொருளையும் வேறொரு டிரைவையும் கொண்டு சோதித்துப் பாருங்கள். ஒரு மாலைப்பொழுதின் பொறுமைதான் அதற்கு வேண்டும். அந்த மாலையின் முடிவில் தாத்தாவின் குரல் மீண்டும் வீட்டில் ஒலிக்குமாயின், அதற்குமேல் வேண்டுவது ஒன்றில்லை.