விளங்காத கையும் இயந்திரத் துணையும்

நாஞ்சில் நாட்டில் பக்கவாதம் என்றவுடன் எண்ணெயும் கிழியும் உழிச்சலும் வர்மமும் நினைவுக்கு வருவது நெடுங்கால மருத்துவ மரபின் விளைவாகும். நாகர்கோவிலின் கோட்டாற்றில் அரசு ஆயுர்வேத மருத்துவக் கல்லூரி இயங்க, சில கிலோமீட்டர் தொலைவிலுள்ள ஆசாரிபள்ளத்தில் கன்னியாகுமரி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை அமைந்திருக்கிறது. எவ்வகை மருத்துவத்தை நாடினாலும், உயிர் பிழைத்து ஊன்றுகோலுடன் நடக்கத் தொடங்கிய பின்பு பெரும்பாலான நோயாளிகளும் குடும்பத்தாரும் கேட்பது, கை எப்போது விளங்கும் என்பதே. இக்கேள்விக்கு விடை தேடும் முயற்சியில் கடந்த முப்பது ஆண்டுகளுக்கு மேலாக உலகெங்கும் ஆராயப்பட்டு வரும் இரண்டு கருவிகள், கையை இயக்கித் துணைபுரியும் ரோபோக்களும் தசைகளைச் சுருங்கச் செய்யும் மின்தூண்டலும் ஆகும்.

மூளைக்குச் செல்லும் இரத்தக் குழாய் அடைபடுவதாலோ வெடிப்பதாலோ மூளையின் ஒரு பகுதி சிதைவதே பக்கவாதம். கையையும் முகத்தையும் ஆளும் மூளைப் பரப்பின் பெரும்பகுதிக்கு நடுப்பெருமூளைத் தமனி என்னும் குழாயே இரத்தம் கொண்டு செல்வதாலும், பக்கவாதத்தில் அடிக்கடி அடைபடுவது அக்குழாயே என்பதாலும், பலருக்குக் காலைவிடக் கை மிகுதியாகப் பாதிக்கப்படுகிறது. மேலும், தடுமாறியேனும் நடப்பதற்கு ஓரளவு வலு போதுமானதாக இருக்க, பொத்தான் போடுவதற்கும் சோறு பிசைவதற்கும் ஒவ்வொரு விரலும் தனித்து இயங்க வேண்டியிருக்கிறது. இங்குக் கருத வேண்டிய உண்மை, கையின் தசைகளும் முதுகுத்தண்டிலிருந்து அவற்றுக்குச் செல்லும் நரம்புகளும் பொதுவாக அழியாமலேயே இருக்கின்றன, மூளையிலிருந்து வரும் கட்டளைதான் தடைபட்டிருக்கிறது என்பதாகும்.

அழிந்த நரம்பணுக்கள் மீண்டும் முளைப்பதில்லை எனினும், சுற்றியுள்ள பகுதிகள் பயிற்சியால் இழந்த வேலையில் ஒரு பங்கை ஏற்றுக்கொள்ள இயலும்; மூளையின் இத்திறன் நரம்பு நெகிழ்வு எனப்படும். 1996இல் ரேண்டால்ஃப் நூடோவும் அவருடன் பணியாற்றியோரும் வெளியிட்ட ஆய்வில், மூளையில் சிறு சிதைவு உண்டாக்கப்பட்ட குரங்குகள் சிறு குழிகளிலிருந்து உணவை எடுக்குமாறு மீண்டும் மீண்டும் பழக்கப்பட்டபோது, கைக்குரிய மூளைப் பரப்பு காக்கப்பட்டதோடு சில குரங்குகளில் பக்கத்துப் பரப்புக்குள்ளும் விரிந்தது காணப்பட்டது. விலங்காய்வுகளில் இத்தகைய மாற்றம் நாளொன்றுக்கு நூற்றுக்கணக்கான முறை செய்யப்பட்ட அசைவுகளால் ஏற்பட்டதாக இருக்க, கேத்தரின் லாங் குழுவினர் 2009இல் வெளியிட்ட ஆய்வின்படி, மருத்துவமனைகளில் நடைபெறும் வழக்கமான பயிற்சி அமர்வு ஒன்றில் நோயாளியின் கை பயனுள்ள அசைவுகளைச் சராசரியாக 32 முறை மட்டுமே செய்தது. இந்த இடைவெளியை நிரப்பும் வழியாகவே ரோபோக்கள் பெரிதும் கருதப்பட்டன.

அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் நெவில் ஹோகன், ஹெர்மனோ இகோ கிரெப்ஸ் ஆகியோர் 1990களின் தொடக்கத்தில் உருவாக்கிய எம்ஐடி-மானஸ் என்னும் கருவி இத்துறையின் முன்னோடியாகும். நோயாளி ஒரு பிடியைப் பற்றிக்கொண்டு திரையில் தோன்றும் இலக்கை நோக்கிக் கையை நகர்த்த முயலும்போது, அவரால் இயன்ற அளவுக்கு இயங்கவிட்டு, தயங்கும் இடத்தில் மட்டும் கருவி துணைநிற்கிறது. இவ்வாறு பிடியை மட்டும் இயக்கும் கருவிகள் ஒரு வகை. தோள், முழங்கை, மணிக்கட்டு என ஒவ்வொரு மூட்டோடும் பொருந்திக் கைக்கு மேல் சட்டகம்போல் அணியப்படும் புறக்கூடுகள் மற்றொரு வகை. நோயாளி சும்மா இருக்க இயந்திரமே கையை ஆட்டிக்கொண்டிருந்தால் மூட்டு இறுகாமல் காக்கப்படலாமே தவிர, மூளை கற்றுக்கொள்வது குறைவு என்பதால், தேவைக்கேற்ற அளவு மட்டும் உதவுதல் என்னும் கொள்கை இவ்விரு வகைக்கும் இன்று பொதுவாகியுள்ளது.

இக்கருவிகளின் விலை இந்திய மருத்துவமனைகளுக்கு எட்டாததாக இருந்த நிலையில், வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியும் சென்னை ஐஐடியும் இணைந்து புளூட்டோ என்னும் கருவியை வடிவமைத்தன. மணிக்கட்டை மடக்கி நிமிர்த்துதல், அதைப் பக்கவாட்டில் அசைத்தல், முன்கையைத் திருப்புதல், விரல்களை மூடித் திறத்தல் ஆகிய ஒவ்வொன்றுக்கும் தனித்தனி இயந்திரம் வைக்காமல், ஒரே மோட்டாரில் வெவ்வேறு பிடிகளை மாற்றிப் பொருத்தும் அமைப்பே இதன் சிறப்பு. இதனால் கருவி சிறிதாகிறது, விலையும் குறைகிறது. பயிற்சி கணினி விளையாட்டு வடிவில் அமைவதால், சலிப்பூட்டும் அசைவுகளையும் நோயாளி பலமுறை செய்ய முன்வருகிறார். டெல்லி, கான்பூர் ஐஐடிகளிலும் விரல்களுக்கான புறக்கூடுகள் உருவாக்கப்பட்டுள்ளன.

இனி மின்தூண்டலுக்கு வருவோம். மக்கள் பேச்சுவழக்கில் கரண்டு வைப்பது என்று சொல்லப்படும் சிகிச்சைகள் எல்லாம் ஒன்றல்ல. வலியைத் தணிப்பதற்காகத் தரப்படும் மின்னோட்டம் வேறு. தசையை இயக்குவதற்காக நரம்பைத் தூண்டும் மின்னோட்டம் வேறு. இரண்டாவது வகையில், மணிக்கட்டையும் விரல்களையும் நிமிர்த்தும் முன்கைத் தசைகளின் மீது ஒட்டுப் பட்டைகள் பொருத்தப்பட்டு, பொதுவாக விநாடிக்கு 20 முதல் 50 துடிப்புகள் வரை செலுத்தப்படுகின்றன. நரம்பு உயிரோடிருப்பதால் அது தூண்டப்பட்டு, தசை சுருங்கி, மூடிக் கிடந்த கை திறக்கிறது. பொருளைப் பற்றுதல், விடுதல் போன்ற செயலோடு இது இணைக்கப்படும்போது செயல்சார் மின்தூண்டல் எனப்படுகிறது. நோயாளி முயலும்போது தசையில் எழும் மெல்லிய மின்குறியைக் கருவி உணர்ந்து, அதன் பிறகே மின்னோட்டத்தைச் செலுத்தும் முறையும் உண்டு. எண்ணமும் அசைவும் ஒரே நேரத்தில் நிகழ்வது கற்றலுக்கு உதவும் என்பதே இதன் அடிப்படை. ஆயினும், இயல்பான அசைவில் சிறிய, களைக்காத தசை நார்கள் முதலில் இயங்க, மின்தூண்டலில் விரைவில் களைத்துப்போகும் பெரிய நார்களும் தொடக்கத்திலேயே இயக்கப்படுவதால், தசை சீக்கிரம் சோர்ந்துவிடுகிறது. இதனால் இடையிடையே ஓய்வு தேவைப்படுகிறது.

ரோபோப் பயிற்சியின் பயன் எவ்வளவு என்பதில் ஆய்வுகள் தரும் விடை நிதானமானது. அமெரிக்காவில் 127 பேரிடம் நடத்தப்பட்டு 2010இல் வெளியான ஆய்வில், 36 வாரங்களின் முடிவில் ரோபோப் பயிற்சி பெற்றோர் வழக்கமான கவனிப்பு மட்டும் பெற்றோரைவிடச் சற்று முன்னேறியிருந்தனர். ஆனால் அதே அளவு தீவிரமாகப் பயிற்சியாளரிடம் பழகியோரைவிட மேம்பட்டிருக்கவில்லை. பிரிட்டனில் 770 பேர் பங்கேற்று 2019இல் வெளியான மற்றோர் ஆய்வில், வாரம் மூன்று முறை வீதம் 12 வாரங்கள் ரோபோவுடன் பழகியோருக்குக் கையின் அசைவுத்திறன் ஓரளவு கூடியபோதும், அன்றாட வேலைகளைச் செய்யும் திறனில் வழக்கமான கவனிப்பைக் காட்டிலும் குறிப்பிடத்தக்க வேறுபாடு தோன்றவில்லை. திரையில் இலக்கைத் தொட்ட கை, வீட்டில் செம்பைத் தூக்கத் தானாகவே கற்றுக்கொள்வதில்லை என்பதே இதன் பொருள்.

எனவே ரோபோவும் மின்தூண்டலும் அசைவுகளின் எண்ணிக்கையைப் பெருக்கித் தரும் கருவிகளே. அந்த அசைவுகளை வாழ்க்கைக்குரிய செயல்களாக மாற்றும் பொறுப்பு பயிற்சியாளரையும் குடும்பத்தையும் சார்ந்தது. மேல்நாட்டுப் பயிற்சி முறைகள் கரண்டியையும் கோப்பையையும் முன்வைக்க, இங்குள்ளவருக்குச் சோற்றைப் பிசைந்து, விரல்களைக் குவித்து எடுத்து, கட்டைவிரலால் வாய்க்குள் தள்ளுவதே முதன்மையான செயலாகும். பூக் கட்டுவோருக்கும் நகை செய்வோருக்கும் அவரவர் தொழிலுக்குரிய பிடியே இலக்காக வேண்டும்.

எல்லோருக்கும் ஒரே அளவு மீட்சி கிடைப்பதில்லை. பக்கவாதம் வந்த 72 மணி நேரத்துக்குள் விரல்களைச் சிறிதேனும் தாமாக நிமிர்த்தவும் தோளை விலக்கவும் முடிந்தவர்களுக்கு, ஆறு மாதங்களில் கையின் நுண்திறன் ஓரளவேனும் திரும்பும் வாய்ப்பு 98 விழுக்காடு என்றும், இவ்விரண்டும் இயலாதவர்களுக்கு அது 25 விழுக்காடு என்றும் 2010இல் வெளியான நெதர்லாந்து ஆய்வு கண்டறிந்தது. மீட்சியின் பெரும்பகுதி முதல் மூன்று மாதங்களில் நிகழ்வதால், அக்காலத்தில் பயிற்சியைத் தள்ளிப்போடுவது பெரிய இழப்பாகும். இதயத்தில் பேஸ்மேக்கர் பொருத்தியவர்களுக்கு மருத்துவர் அனுமதியின்றி மின்தூண்டல் அளிக்கக் கூடாது. வலிப்பு நோய், தோலில் உணர்விழப்பு ஆகியவை இருப்பின் முன்கூட்டியே தெரிவிக்க வேண்டும். எண்ணெய் தேய்த்த தோலில் பட்டைகள் சரியாக ஒட்டாது, மின்னோட்டமும் சீராகப் பாயாது என்பதால், எண்ணெய்ச் சிகிச்சை பெறுவோர் தோலை நன்கு கழுவித் துடைத்த பின்பே மின்தூண்டலைத் தொடங்க வேண்டும். தளர்ந்த கையைப் பிடித்து இழுத்துத் தூக்குவது தோள்மூட்டைப் பாதித்து நீங்கா வலியை உண்டாக்கக்கூடும் என்பதைக் குடும்பத்தார் மறக்கலாகாது.

கருவி உள்ள மருத்துவமனை தொலைவில் இருப்பதால் பயிற்சியே இல்லை என்றாகிவிடக் கூடாது. தமிழ்நாடு அரசு 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் இயன்முறை மருத்துவர்கள் வீடுகளுக்கே வருகின்றனர். அவர்கள் கற்றுத்தரும் அசைவுகளை, அவர்கள் வராத நாட்களிலும் எண்ணிக்கை வைத்துச் செய்யவைப்பது குடும்பத்தாரால் இயலும். எனினும் இவையனைத்துக்கும் முந்திய கடமை ஒன்று உண்டு: வாய் கோணுதல், கை தளர்தல், பேச்சுக் குழறுதல் ஆகியவற்றுள் ஒன்று திடீரெனத் தோன்றினாலும், எண்ணெயையும் உழிச்சலையும் பின்னர் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டு, உடனே 108ஐ அழைத்து, தலை ஸ்கேன் வசதியுள்ள மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும், ஏனெனில் அடைப்பைக் கரைக்கும் மருந்து பொதுவாக முதல் நாலரை மணி நேரத்துக்குள்தான் தரப்படுகிறது, அந்நேரத்தில் காக்கப்படும் மூளைப் பகுதியை எந்த ரோபோவாலும் பின்னர் ஈடுசெய்ய இயலாது.