சுருக்கத்துக்கு எத்தனை யூனிட்?

முகச் சுருக்கத்தைப் போக்கும் ஊசி மருந்தான போடாக்ஸின் 100 யூனிட் குப்பியை முதன்முதலில் பார்ப்பவருக்கு அது காலிக் குப்பி என்றே தோன்றும். அடியில் மெல்லிய வெள்ளைப் படலம் மட்டும் ஒட்டியிருக்கும். அதுவும் ஏறக்குறைய முழுக்க அரை மில்லிகிராம் ஆல்புமினும் 0.9 மில்லிகிராம் உப்பும்தான். வேலை செய்யும் சரக்கு சுமார் 5 நானோகிராம். ஒரே ஒரு கிராமை இப்படிப் பங்கிட்டால் 20 கோடி குப்பிகளை நிரப்பலாம். கண்ணுக்கே தெரியாத இந்தப் பொருளுக்குத்தான் அமெரிக்க கிளினிக்குகள் யூனிட்டுக்கு 10 முதல் 20 டாலர் வரை வாங்குகின்றன.

எடைக்கு அடங்காததால் இதை வீரியத்தால் அளக்கிறார்கள். சுண்டெலிகளின் வயிற்றறைக்குள் செலுத்தும்போது அவற்றில் பாதியைக் கொல்லும் அளவு எதுவோ, அதுவே ஒரு யூனிட். காரணம், இது கெட்டுப்போன உணவில் வளரும் பொட்டுலினம் பாக்டீரியா சுரக்கும் நஞ்சு. நரம்பு தசைக்குக் கொடுக்கும் கட்டளையை அது தடுத்துவிடும். ஆலன் ஸ்காட் என்ற சான் ஃபிரான்சிஸ்கோ கண் மருத்துவர் மாறுகண்ணைச் சரிசெய்ய இதைப் பயன்படுத்தினார்; 1989-இல் அதற்கு அமெரிக்க அரசின் அனுமதி கிடைத்தது. கனடாவின் வான்கூவரில் ஜீன் கருதர்ஸ் என்ற கண் மருத்துவர், இமைத் துடிப்புக்கு ஊசி போட்டவர்களின் புருவ மத்தியில் கோடுகள் மறைவதைக் கவனித்தார். தோல் மருத்துவரான கணவர் அலஸ்டரோடு சேர்ந்து 1992-இல் அதை எழுதி வெளியிட்டார். 2002-இல் சுருக்கத்துக்கான அனுமதியும் வந்தது. எலி இல்லாமல், வளர்ப்புச் செல்களைக் கொண்டே வீரியத்தைச் சோதிக்கும் முறைக்கு 2011-இல்தான் போடாக்ஸ் நிறுவனம் ஒப்புதல் பெற்றது. அழகுக்கான அளவுகோல் எலியின் சாவில் பிறந்த கதையை எந்த விளம்பரப் பலகையும் சொல்வதில்லை.

ஒவ்வொரு நிறுவனமும் தன் சோதனையைத் தன் வழியில் செய்கிறது. அதனால் யூனிட் என்பது லிட்டர், கிராம் போலப் பொது அளவு அல்ல. புருவ மத்திக் கோடுகளுக்குப் போடாக்ஸின் அனுமதிக்கப்பட்ட அளவு 20 யூனிட். அதே இடத்துக்கு, இதே வகைப் போட்டி மருந்துகளான டிஸ்போர்ட் 50 யூனிட், டாக்ஸிஃபை 40 யூனிட். "எங்களிடம் யூனிட் பாதி விலைதான்" என்று ஒருவர் சொன்னால், எந்த மருந்தின் யூனிட் என்று கேட்காமல் மகிழக் கூடாது. கன்னத்தையும் உதட்டையும் நிரப்பும் ஃபில்லர் வேறு சங்கதி. அதை மில்லிலிட்டரில் அளந்து சிரிஞ்ச் கணக்கில் விற்கிறார்கள்.

விலை சொல்வதில் இரண்டு வழக்கங்கள் உண்டு. ஒன்று யூனிட் கணக்கு. மற்றொன்று இடக் கணக்கு: நெற்றிக்கு இவ்வளவு, புருவ மத்திக்கு இவ்வளவு, கண்ணோரத்துக்கு இவ்வளவு. இடக் கணக்கு காதுக்கு இதமாக இருக்கும். கடைசியில் எவ்வளவு வருமோ என்ற பயம் இல்லை. ஆனால் 20 யூனிட் போட வேண்டிய இடத்தில் 10 போட்டாலும் பில் மாறாது. ஊசி முடிந்த அன்று வித்தியாசமே தெரியாது, ஏனென்றால் பலன் தெரியச் சில நாட்கள் ஆகும். வழக்கமாக மூன்று நான்கு மாதம் நிற்க வேண்டிய பலன் சீக்கிரமே போய்விட்டால், "உங்கள் உடல்வாகு அப்படி" என்று சொல்லிவிடலாம். என்னைக் கேட்டால், யூனிட் கணக்குதான் நியாயமானது.

அதிலும் ஓர் ஓட்டை இருக்கிறது. தூளைச் சலைன் விட்டுக் கரைத்துத்தான் போட வேண்டும். தயாரிப்பாளர் சொல்லும் கணக்கு, 100 யூனிட்டுக்கு 2.5 மில்லிலிட்டர். அப்படிக் கரைத்தால் 0.1 மில்லிலிட்டரில் 4 யூனிட் இருக்கும். புருவ மத்தியில் ஐந்து இடங்களில் அவ்வளவு போட்டால் 20 யூனிட் ஆகிறது. சலைனைக் கூடுதலாக விடுவதே தப்பு என்று சொல்ல முடியாது. சில மருத்துவர்கள் காரணத்தோடு அப்படிச் செய்வார்கள், அதற்கேற்பக் கூடுதலாகவும் செலுத்துவார்கள். இரட்டிப்பாகக் கரைத்துவிட்டுப் பழைய அளவையே போட்டால் அது பால்காரர் தண்ணீர் கலந்த கதை. மீதமும் கவனத்துக்குரியது. கரைத்த மருந்தைக் குளிர்பதனத்தில் வைத்து 24 மணி நேரத்துக்குள் பயன்படுத்த வேண்டும், ஒரு குப்பி ஒருவருக்கே என்கிறது போடாக்ஸின் குறிப்பேடு. ஒரு குப்பியில் ஐந்து பேருக்கான அளவு இருக்கும்போது அந்த விதி எத்தனை இடங்களில் நிற்கும் என்பதை வாசகரே ஊகிக்கலாம்.

20 யூனிட் உயிருக்கு உலை வைக்காது. ஆளைக் கொல்ல ஆயிரக்கணக்கான யூனிட் வேண்டும் என்பது மதிப்பீடு. அளவு தெரியாத சரக்குதான் ஆபத்து. 2004 நவம்பரில் ஃபுளோரிடாவில் ஒரு மருத்துவர், மனிதருக்குப் போடக் கூடாது என்று எழுதியிருந்த ஆய்வகச் சரக்கை வாங்கித் தனக்கும் வேறு மூவருக்கும் போட்டார். நால்வரும் முடங்கிப்போனார்கள். அந்தச் சரக்கின் ஒரு குப்பியில் இருந்தது 100 மைக்ரோகிராம் நஞ்சு. எடையில் அது மருந்துக் குப்பியைப் போல 20,000 மடங்கு. 2024 ஏப்ரலிலும் அமெரிக்காவின் 11 மாநிலங்களில் 22 பேர் போலி ஊசியாலோ முறையற்ற இடங்களில் போட்ட ஊசியாலோ பாதிக்கப்பட்டதாகச் செய்தி வந்தது. அப்போது சிக்கிய போலிப் பெட்டிகளில் 150 யூனிட் என்று அச்சிட்டிருந்தார்கள். அப்படி ஒரு அளவில் போடாக்ஸ் தயாரிக்கப்படுவதே இல்லை!

சென்னையிலோ கோவையிலோ இந்த ஊசி போட்டுக்கொள்ள நினைப்பவர்கள் விலையைக் கடைசியில் கேளுங்கள். முதலில் மருந்தின் பெயர், பிறகு எத்தனை யூனிட், எவ்வளவு சலைனில் கரைக்கிறார்கள் என்று கேளுங்கள். குப்பியை உங்கள் கண் முன்னே திறக்கச் சொல்லுங்கள். நல்ல குப்பியின் உள்ளே வெற்றிடம் இருப்பதால் சலைனை அதுவே இழுத்துக்கொள்ளும், இழுக்காவிட்டால் தூக்கி எறிய வேண்டும் என்பது தயாரிப்பாளரின் சொல். யூனிட் எண்ணிக்கையையும் தொகுதி எண்ணையும் பில்லில் எழுதி வாங்குங்கள். எழுதித் தர மறுக்கும் இடத்தில் முகத்தைக் கொடுக்காதீர்கள்.