ஒளியில் ஒளியும் கணவாய்

கடல்வாழ் உயிரினங்களில் உருமறைப்புக்குப் பேர்போனவை கணவாய்கள். மீனவர் பேச்சில் ஓட்டுக் கணவாய், பேய்க் கணவாய் எனப்படுபவை பெரும்பாலும் கடலடியை ஒட்டி வாழ்கின்றன. மணலில் படுத்தால் மணலாகவும், பாசி படர்ந்த பாறையில் ஒட்டினால் பாசியாகவும் தோல் மாறிவிடுகிறது. ஊசிக் கணவாயின் பாடு வேறு. அதன் இனங்கள் பல கரையும் தரையும் எட்டாத நடுக்கடலில் நீந்துகின்றன. அங்கே பாறையில்லை, பவளமில்லை, பதுங்க ஒரு பொந்துகூட இல்லை. பார்த்துப் போலி செய்யப் பின்னணி என்று ஒன்று இருந்தால்தானே?

இருக்கிறது. அது ஒளி. கடலுக்குள் இறங்கும் சூரிய ஒளியில் சிவப்பு முதல் சில பத்து மீட்டர்களிலேயே அடங்கிவிடும். ஆழம் வரை போவது நீலம். 200 மீட்டருக்குக் கீழே தொடங்கி ஏறத்தாழ 1,000 மீட்டர் வரை மங்கலான நீலம் மட்டும் கசிகிறது. இந்த அந்திவெளியில் எந்த விலங்குக்கும் மேலே பார்த்தால் வெளிச்சம், கீழே பார்த்தால் இருட்டு, பக்கவாட்டில் இரண்டுக்கும் நடுவான நீலம். ஆகவே மேலிருந்து பார்க்கும் கண்ணுக்கு இருட்டாகவும், கீழிருந்து பார்க்கும் கண்ணுக்கு வெளிச்சமாகவும் ஒரே உடல் ஒரே நேரத்தில் தோன்றியாக வேண்டும். திமிங்கிலம், சூரை, வாள்மீன், ஏன், பிற கணவாய்கள் என எல்லாமே கணவாயைத் தின்கின்றன. இந்தத் தேர்வில் இரண்டாம் வாய்ப்பு கிடையாது.

இதற்கான கருவிகள் தோலிலேயே இருக்கின்றன. வலையிலிருந்து அப்போதுதான் கொட்டிய கணவாயின் மேல் செம்புள்ளிகள் விரிந்து சுருங்கி மினுங்குவதைக் கடற்கரையில் நின்றவர்கள் பார்த்திருப்பார்கள். ஒவ்வொரு புள்ளியும் ஒரு நிறமிப்பை. நிறமி நிறைந்த மீள்தன்மையுள்ள ஒரு பையைச் சுற்றிச் சக்கரத்தின் ஆரக்கால்கள்போலத் தசைநார்கள் அமைந்திருக்கின்றன. தசை இழுத்தால் பை தட்டையாக விரிந்து நிறம் தெரியும். தளர்ந்தால் ஊசிமுனை அளவுக்குச் சுருங்கி, தோல் வெளிறிவிடும். பச்சோந்தியின் நிறமாற்றம் மெதுவானது. இங்கே தசைகளுக்கு நரம்பு வழியாகவே கட்டளை வருவதால் ஒரு நொடிக்குள் வேலை முடிந்துவிடுகிறது. நிறமிப்பைகளுக்கு அடியில் ஒளியைத் திருப்பி அனுப்பும் செல்கள் உள்ளன. ரிஃப்ளெக்டின் என்ற புரதம் அவற்றில் மெல்லிய தகடுகளாக அடுக்கப்பட்டிருக்கிறது. சில இனங்கள் நரம்புச் சைகையால் இந்த அடுக்குகளின் தடிமனை மாற்றி, எந்த நிறம் பளபளக்க வேண்டும் என்பதையும் மாற்றிக்கொள்கின்றன. இவ்வளவு செய்தும், பெரும்பாலான கணவாய்களின் கண்ணில் ஒரே ஒரு பார்வை நிறமிதான் உண்டு. நமக்குத் தெரிவதுபோல் நிறங்கள் அவற்றுக்குத் தெரிய வாய்ப்பில்லை.

தோல் மட்டும் நிழலை மறைக்காது. அடியிலிருந்து அண்ணாந்து பார்க்கும் வேட்டை மீனுக்கு, மேலே நீந்துவது எதுவாக இருந்தாலும் கறுப்பு உருவமாகத் தெரியும். அந்தக் கறுப்பை அழிக்க ஒரு வழி, வயிற்றுப் பக்கத்தை ஒளிரச் செய்வது. நடுக்கடல் கணவாய்கள் பலவற்றுக்கு வயிற்றிலும் கைகளிலும் கண்ணின் அடியிலும் ஒளியுறுப்புகள் இருப்பது முன்பே தெரியும். அவை நிழலை அழிக்கத்தான் என்பது வெகுகாலம் ஊகமாகவே இருந்தது. 1970களில் ஹவாய்க் கடலில் பிடித்த கணவாய்களைக் கப்பலிலேயே தொட்டியில் உயிரோடு வைத்து ரிச்சர்ட் யங்கும் கிளைட் ரோப்பரும் இதைச் சோதித்தார்கள். தொட்டிக்கு மேல் விளக்கைக் கூட்டினால் கணவாயின் ஒளி கூடியது, குறைத்தால் குறைந்தது. அணைத்தால் கணவாயும் அணைந்தது. மேலிருந்து வரும் ஒளியை அளக்கக் கண் மட்டுமன்றி, உடலிலுள்ள வேறு ஒளியுணரிகளும் உதவுகின்றன என்று பின்னர் தெரிந்தது.

1980இல் வெளியான இன்னொரு சோதனை இதைவிட நுட்பமானது. இக்கணவாய்கள் பகலில் ஆழத்திலும் இரவில் மேற்பரப்பை ஒட்டியும் வாழ்கின்றன. பகலின் ஆழத்து ஒளி ஒரு நிறம்; இரவில் நிலவொளி மேல்நீரில் பரவும் நிறம் வேறு. நீரின் வெப்பநிலையை மாற்றியபோது கணவாய் வெளியிடும் ஒளியின் நிறமும் மாறியது. குளிர் என்றால் ஆழம், வெதுவெதுப்பு என்றால் மேல்நீர்.

கண்ணாடிக் கணவாய்கள் தேர்ந்த வழி நேர்மாறானது: உடலையே இல்லாததாக்கிவிடுவது. உடல் முழுதும் ஊடுருவித் தெரியும். ஆனால் இரண்டு உறுப்புகள் ஒத்துழைப்பதில்லை. ஒன்று செரிமானச் சுரப்பி. அது நீண்ட கதிர் வடிவில் இருக்கிறது. உடல் எப்படிச் சாய்ந்தாலும் அதைச் செங்குத்தாகவே நிறுத்திக்கொள்வதால், கீழே விழும் நிழல் ஒரு புள்ளியாகச் சுருங்குகிறது. மற்றது கண். ஒளியை உறிஞ்சாத கண் பார்க்காது. உறிஞ்சும் கண் கறுப்பாகத் தெரிந்தே தீரும். ஆகவே கண்ணுக்குக் கீழே ஒளியுறுப்பு. கேலிடியூத்திஸ் என்ற இனத்தில் இந்த உறுப்பை ஆராய்ந்த அமண்டா ஹோல்ட்டும் அலிசன் ஸ்வீனியும், அதிலுள்ள ஒளிக்குழல் செல்கள் வழிநெடுக ஒளியைக் கசியவிடுவதை 2016இல் விளக்கினார்கள். பொறியாளர் கண்ணுக்கு இது ஓட்டைக் குழாய். ஆனால் ஒளி பல கோணங்களில் சிதறுவதால் பக்கவாட்டிலிருந்து பார்ப்பவர்களுக்கும் கண் மறைகிறது.

கண்ணாடி உடலுக்கும் ஓர் ஆபத்து உண்டு. ஆழ்கடல் மீன்கள் சில தம் ஒளியுறுப்பையே டார்ச் விளக்காக அடித்து இரை தேடுகின்றன. பக்கவாட்டில் ஒளி பட்டால் கண்ணாடி உடல் பளிச்சிடும். அந்த நேரத்தில் கருஞ்சிவப்பே பாதுகாப்பு. ஒனிகோடியூத்திஸ் என்ற கணவாயும் ஜாபெடெல்லா என்ற சிறு பேய்க் கணவாயும் இரண்டையும் கைவசம் வைத்திருப்பதை டியூக் பல்கலைக்கழகத்தின் சாரா சிலின்ஸ்கியும் சோங்கே ஜான்சனும் 2011இல் காட்டினார்கள். நீல ஒளியை நேராகப் பாய்ச்சியதும் நிறமிப்பைகள் விரிந்து உடல் கருத்தது. ஒளியை விலக்கியதும் மறுபடி கண்ணாடி.

இவையெல்லாம் பெரும்பாலும் தொட்டியில் பார்த்தவை. கடலிலேயே பார்ப்பதுதான் கடினம். ஆழ்கடலிலிருந்து வலையில் வரும் கணவாயின் தோல் பெரும்பாலும் உரிந்துவிடும். நீர்மூழ்கி ரோபோவின் விளக்கு பட்டதும் அதன் நடத்தையே மாறிவிடும். இருட்டில் ஒளிவதைப் பார்க்க விளக்குப் போட வேண்டியிருப்பது இந்த ஆய்வின் தலைவலி. ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் வில்லியம் கில்லி, ஹன்னா ரோசன் குழுவினர் கேமராவைக் கணவாயிடமே கொடுத்துவிட்டார்கள். கலிஃபோர்னியா வளைகுடாவில் வாழும் ஹம்போல்ட் கணவாய் 50 கிலோ வரை வளரும்; மெக்சிகோ மீனவர்கள் அதைச் சிவப்புப் பிசாசு என்பார்கள். நேஷனல் ஜியாக்ரஃபிக்கின் கிரிட்டர்கேம் கருவியைச் சுமக்க அந்த உடல் தாங்கும். செயற்கை விளக்கு இல்லாமல், 70 மீட்டர் ஆழம் வரை எடுத்த அந்தப் படங்களின் முடிவு 2015இல் வெளியானது.

படங்களில் இரண்டு ஆட்டங்கள் தெரிந்தன. ஒன்று, உடல் முழுதும் வெள்ளையும் சிவப்புமாக நொடிக்கு 2 முதல் 4 முறை மாறுவது. வேறு கணவாய் கண்ணில் படும்போதுதான் பெரும்பாலும் இது நடந்தது. எனவே இது பேச்சாக இருக்கலாம். மற்றது, அந்தப் பேச்சு இல்லாத நேரமெல்லாம் தோலில் ஓடிய ஒழுங்கற்ற சலனம். பக்கத்துப் பக்கத்துத் திட்டுகள் அலையலையாக இருண்டு வெளுத்தன. ஆழமில்லாத குளத்தின் அடியில் வெயில் நெளிவதைப் பார்த்தவர்களுக்கு இது எதன் போலி என்று சொல்ல வேண்டியதில்லை. மேல்நீரில் சூரிய ஒளி அசையும்போது, அசையாத உடல்தான் கண்ணில் படும். உருமறைப்பு என்றால் அசையாமல் ஒன்றிப்போவது என்ற பழைய எண்ணத்துக்கு இந்தக் கணவாய் நல்ல பதில்.

நடுநீரில் பழகிய கணவாய்க்குத் தரையைப் பார்த்து நிறம் மாறத் தெரியுமா என்ற கேள்விக்கு விடை தற்செயலாகக் கிடைத்தது. ஜப்பானின் ஒக்கினாவா அறிவியல் தொழில்நுட்பக் கழகத்தில் தொட்டியின் பாசியைச் சுரண்டிக்கொண்டிருந்தவர்கள், பாசியுள்ள பக்கம் போகும் கணவாய் கருப்பதையும் சுத்தமான பக்கம் வந்தால் வெளிறுவதையும் கவனித்தார்கள். பாதித் தொட்டியை மட்டும் சுத்தம் செய்து முறையாகச் சோதித்து 2022இல் வெளியிட்டார்கள். மன்னார் வளைகுடாவிலும் பாக் நீரிணையிலும் கிடைக்கும் செபியோடியூத்திஸ் லெசோனியானா என்ற பெயரில் அறியப்படும் கணவாய்தான் அது.

ஒளிபவற்றுக்கு ஈடாகத் தேடுபவையும் தேர்ந்திருக்கின்றன. ஹிஸ்டியோடியூத்திஸ் என்ற மாறுகண் கணவாயின் இடக்கண் வலக்கண்ணைவிட மிகப் பெரியது. அது மேல்நோக்கியே இருக்கும், சின்னக் கண் கீழே பார்க்கும். பலவற்றில் அந்தப் பெரிய கண்ணின் வில்லை மஞ்சள் நிறம். சூரிய ஒளியையும் அதைப்போலவே நடிக்கும் உயிர் ஒளியையும் பிரித்துக் காட்ட மஞ்சள் உதவுகிறது. பிறர் போட்ட வேஷத்தைக் கலைக்கும் அதே கணவாயின் உடலிலும் ஒளியுறுப்புகள் வரிசை வரிசையாகப் பதிந்திருக்கின்றன.