உயிரணுவில் தகவல் சேமிப்பு

உயிரணுவில் தகவல் சேமிப்பு என்பது உயிருள்ள உயிரணுவின் டி.என்.ஏ.வில் தகவலைப் பதிந்து, பின்னர் அதைப் படித்தெடுக்கும் முறையாகும். டி.என்.ஏ.வில் அடினின், சைட்டோசின், குவானின், தைமின் என நான்கு காரங்கள் உள்ளன. இவற்றை முறையே 00, 01, 10, 11 எனக் கொண்டால், ஒவ்வொரு காரமும் கணினியின் இரண்டு பிட்டுகளுக்குச் சமமாகும். 0110 என்பதைச் சைட்டோசின், குவானின் என்று எழுதலாம்.

பாக்டீரியாவின் பதிவேடு

தன்னைத் தாக்கும் வைரசின் டி.என்.ஏ.விலிருந்து சிறு துண்டை எடுத்து, தன் மரபணுத்தொகையில் சேர்த்துவைக்கும் இயல்பு பல பாக்டீரியாக்களுக்கு உண்டு. அதே வைரசு மீண்டும் வந்தால் அடையாளம் காண இது உதவுகிறது. இத்துண்டுகள் சேரும் பகுதி கிரிஸ்பர் எனப்படும். துண்டுகளைச் சேர்ப்பவை காஸ்1, காஸ்2 என்னும் புரதங்கள். புதிய துண்டு பெரும்பாலும் ஒரே முனையில் சேர்வதால் பழையவை பின்னுக்குத் தள்ளப்படுகின்றன. நாள்தோறும் மேலே வைக்கப்படும் செய்தித்தாள் அடுக்கைப் போல, எது முதலில் வந்தது என்பதை இந்த வரிசையே காட்டிவிடும்.

குதிரைப் படச் சோதனை

2017இல் ஆர்வர்டு பல்கலைக்கழகத்தில் சேத் சிப்மன், ஜார்ஜ் சர்ச் ஆகியோர் அடங்கிய குழு இவ்வியல்பைப் பயன்படுத்தியது. 19ஆம் நூற்றாண்டில் எட்வர்டு மைபிரிட்ஜ் எடுத்த, ஓடும் குதிரையின் ஐந்து படங்கள் டி.என்.ஏ. துண்டுகளாக மாற்றப்பட்டன. நாளொன்றுக்கு ஒரு படம் வீதம் ஐந்து நாள்கள் அவை ஈ. கோலை பாக்டீரியாக்களுக்குள் செலுத்தப்பட்டன. பின்னர் அவற்றின் டி.என்.ஏ.வைப் படித்தபோது, ஏறத்தாழ 90 விழுக்காடு துல்லியத்துடன் படங்கள் உரிய வரிசையில் கிடைத்தன.

தகவலைச் செயற்படுத்தல்

2012இல் இசுட்டான்போர்டு பல்கலைக்கழகத்தின் துரூ எண்டி குழு, டி.என்.ஏ.வின் ஒரு பகுதியை நொதிகளால் திருப்பிப் போட்டு, மீண்டும் பழைய நிலைக்குக் கொண்டுவரும் முறையை உருவாக்கியது. ஒரு திசை 0, மறு திசை 1 ஆகும். 2013இல் இதே குழு, இத்தகைய நொதிகளைக் கொண்டு ஏரணவாயில்களை அமைத்தது. இதனால், இரண்டு குறிகைகளும் வந்தால் மட்டுமே வினைபுரிவது போன்ற முடிவுகளை உயிரணுவே எடுக்க முடிகிறது.

வரம்புகளும் பயனும்

உயிரணுக்கள் இறக்கும், பிரியும்போது டி.என்.ஏ.வில் பிழைகளும் நேரலாம். குதிரைப் படம் முழுவதும் எந்தவொரு பாக்டீரியாவிலும் இல்லை; பல பாக்டீரியாக்களின் துண்டுகளைச் சேர்த்தே அது மீட்கப்பட்டது. பெருமளவு தகவலை நெடுங்காலம் காக்க, உயிரணுவுக்கு வெளியே உலர்நிலையில் வைக்கப்படும் செயற்கை டி.என்.ஏ.வே ஏற்றது. ஆனால் உயிரணு, தன்னுள் நிகழ்வதைத் தானே பதிய வல்லது. ஒரு நரம்பணு வளரும்போது எந்தெந்த மரபணு எந்த வரிசையில் இயங்கியது என்பதை, வளர்ச்சியைக் குலைக்காமல் பின்னாளில் படித்தறிவதே இவ்வாய்வின் முதன்மை நோக்கங்களில் ஒன்றாகும்.