வெற்றிலைப் பையும் வாய்ப் பரிசோதனையும்

டிக்கோயாவில் கொழுந்து பறிக்கும் பலரின் இடுப்பில் வெற்றிலைப் பை இருக்கும். குளிருக்கும் பசிக்கும் அதுவே துணை. புகையிலை சேர்க்காத வெறும் பாக்கே புற்றுநோய் தரும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் ஆய்வு முகமை அறிவித்து இருபது ஆண்டுகள் தாண்டிவிட்டன. இலங்கை ஆண்களிடம் அதிகம் காணப்படுவதும் வாய்ப்புற்றுதான்.

யாருக்கு வாய்ப் பரிசோதனை அவசியம்? திருவனந்தபுரத்தில் நடந்த பெரிய ஆய்வு 2005இல் பதில் சொன்னது. பயிற்சி பெற்ற பணியாளர்கள் வாயைக் கண்ணால் பார்த்துச் சோதித்ததிலேயே, புகையிலை அல்லது மதுப் பழக்கமுள்ளவர்களிடம் வாய்ப்புற்று மரணம் சுமார் மூன்றில் ஒரு பங்கு குறைந்தது. பழக்கமில்லாதவர்களிடம் அந்தப் பலன் தெரியவில்லை. ஆபத்து எல்லோருக்கும் ஒன்றல்ல.

வெள்ளை, சிவப்புத் திட்டு, இரண்டு வாரமாகியும் ஆறாத புண், காரம் பட்டால் எரிச்சல், சரியாகத் திறக்க முடியாத வாய்: இவை வலிக்காவிட்டாலும் வைத்தியரிடம் காட்டவேண்டியவை. அரைப் பேர் (அரை நாள் சம்பளம்) போய்விடும் என்று தள்ளிப்போடுவதுதான் பெரிய கொடுமை.

பெண்களுக்கு இன்னொரு பரிசோதனையும் உண்டு. 35 வயதானவர்கள் சுகவனிதையர் கிளினிக்கில் கருப்பைக் கழுத்துச் சோதனையை இலவசமாகச் செய்துகொள்ளலாம்.