நெருப்புக்கு முன்னே நடக்கும் புகை

1980ஆம் ஆண்டு நவம்பர் 21ஆம் தேதி காலை ஏழு மணிக்குச் சற்றுப் பின்னர், அமெரிக்க தேசத்து லாஸ் வேகாஸ் நகரில் 26 மாடிகளோடு நிமிர்ந்து நின்ற எம்.ஜி.எம். கிராண்ட் ஹோட்டலின் கீழ்த்தளத்து உணவகத்தில், மின்சாரப் பழுதினால் மூண்ட தீ, பக்கத்திலிருந்த சூதாட்டக் கூடத்தைச் சில நிமிஷங்களில் விழுங்கிவிட்டது. மாண்டவர் 85 பேர். ஆனால் அவர்களுள் பெரும்பாலோர் அந்த அக்கினியைக் கண்ணாலும் பாராமல், அதற்கு வெகு உயரத்தில் இருந்த மாடிகளில், புகையினால் மூச்சடைத்தே உயிர்நீத்தார்கள்.

ஜுவாலை எட்டாத இடத்திற்குப் புகை எவ்வாறு சென்றது? பற்றியெரியும் அறையில் உஷ்ணத்தால் இலேசாகிய புகை முதலில் மேலே எழுந்து கூரையை முட்டுகிறது. அங்கே திரண்டு, கதவு திறந்திருக்குமானால் நிலையின் மேல்விளிம்புக்குக் கீழாக வழிந்து தாழ்வாரத்தில் புகுகிறது. குறுகிய தாழ்வாரத்தில் விரிவதற்கு இடமின்மையால், கூரையை ஒட்டியபடியே, மனிதன் மெல்ல நடக்கும் வேகத்திற்கு ஏறக்குறைய, இருபுறமும் நீண்டு செல்கிறது. அப்பொழுது அதன் அடியில் தெளிந்த காற்று இருப்பதால், காண்பவர் அபாயம் இன்னும் தலைக்கு மேலேதான் இருக்கிறது என்று எண்ணிவிடுகிறார். ஆயினும், போகப் போகச் சுவருக்கும் கூரைக்கும் தன் உஷ்ணத்தைக் கொடுத்துக் குளிர்ந்துவிட்ட புகை, மிதக்கும் சக்தியை இழந்து இறங்குகிறது. வழியில்லாத கடைக்கோடியிலோ, சுவரில் மோதிக் கீழே திரும்புகிறது. ஆகவே தீயினின்றும் தூரத்தில் இருப்பது ஒன்றே பாதுகாப்பு ஆகிவிடாது.

மாடிப்படிக் கூண்டும் லிஃப்ட் ஓடும் குழாயும் திறந்து கிடந்தால், அவை அடுப்பின் புகைபோக்கிபோல ஆகி, புகையை உச்சி மாடிவரை இழுத்துச் சென்றுவிடுகின்றன. அந்த ஹோட்டலில் இவற்றோடு குளிர்சாதனக் காற்றுக் குழாய்களும், பூகம்பத்தை உத்தேசித்துக் கட்டடத்தில் விடப்பட்டிருந்த இடைவெளிகளும் புகைக்கு மார்க்கங்களாயின.

புகையிலுள்ள கார்பன் மோனாக்சைடு நிறமும் மணமும் அற்றது. பிராணவாயுவைக் காட்டிலும் இருநூறு மடங்குக்கு மேலான பற்றுதலோடு இரத்தத்தில் ஒட்டிக்கொள்வது. அதனால், ஓட வேண்டும் என்று தேகம் உணருமுன்பே புத்தி மயங்கிவிடுகிறது.

இத்தனை வல்லமையுடைய புகையை வெகுநேரம் தடுத்து நிறுத்தவல்ல சாதனம், நாம் தினமும் கைவைத்துத் திறக்கும் கதவுதான். தீப்பற்றிய அறையைவிட்டு எல்லோரும் வெளியேறியபின் அதன் கதவைச் சாத்திவிட்டு வருவதும், படிக்கட்டின் தானே மூடும் கதவுக்குக் காற்றோட்டம் வேண்டிச் செங்கல்லை முட்டுக்கொடுக்காதிருப்பதும், லிஃப்டை நாடாமல், புகை தாழ்ந்த இடத்தில் தரையோடு தவழ்ந்து செல்வதும், வெளியேற வழியில்லையெனில் அறையை மூடி வாசற்படி இடுக்கில் ஈரத்துணி செருகுவதும் எவருக்கும் இயலும் காரியங்களே. ஓடும் அவசரத்திலும் கை பின்னால் நீண்டு கதவைச் சாத்துமளவுக்கு இதைப் பழக்கமாக்கிக்கொள்வோமாக. மேல்மாடியில் ஒன்றும் அறியாமல் உறங்குகிறவருக்கு அந்தக் கதவே காவல்.